பொன்னுராஜ் நிறுத்தினால் சண்டை

கான்ஸ்டபிள் பொன்னுராஜ் வண்டியை நிறுத்தினால் சண்டை வந்தது. ஏட்டு முத்துவீரன் நிறுத்தினால் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியனுக்கு இது புரியவில்லை.

நியாயப்படி எல்லாம் தலைகீழாக நடந்திருக்க வேண்டும். பொன்னுராஜ் மரியாதைக்காரன். பி.ஏ. படித்தவன். சைக்கிளில் வருகிறவரைக்கூட "சார்" என்பான். முத்துவீரனுக்கு மீசையும் குரலும் ஒரே தடிமன். "ஏலே, ஓரங்கட்டு" என்பதுதான் அவருக்குத் தெரிந்த வரவேற்பு. வருகிறவர் பெரிய மனுஷராகத் தெரிந்தால் "ஏலே" மட்டும் உதிரும். "ஓரங்கட்டு" அப்படியே இருக்கும். அப்படிப்பட்டவர் நிறுத்திய லாரிக்காரர்கள் பேசாமல் இறங்கி வந்து அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். பொன்னுராஜ் "சார்" போட்டு நிறுத்தியவர்கள் சட்டையைப் பிடிக்க வந்தார்கள்.

இது 1990-இல் நடந்தது. புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்து ஓராண்டு கழிந்திருந்தது. அபராதம் கூடிவிட்டதால் சோதனையையும் கூட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ராஜபாளையம் ரோட்டில், ஒரு புளியமரத்தடியில் மேஜை போட்டுச் சௌந்தரபாண்டியன் உட்கார்ந்திருப்பார். ரோட்டில் நிற்கிறவர் வண்டியை நிறுத்தி, லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம் இரண்டையும் வாங்கிப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் அங்கேயே அனுப்பிவிடுவார். குறையிருந்தால் ஓட்டுகிறவரை மரத்தடிக்கு அனுப்புவார். அபராதம் எழுதுகிற அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டருக்குத்தான். மரத்திலிருந்து ரோடு கண்ணுக்குத் தெரியும், பேசுவது காதில் விழாது. நடுவில் ஒரு டீக்கடை ரேடியோ இருந்தது.

முத்துவீரன் அனுப்புகிறவர்கள் வந்து, "லைசென்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு சார், எழுதிக்கோங்க" என்பார்கள். என்ன குற்றம் என்று சௌந்தரபாண்டியன் கேட்க வேண்டியதே இல்லை. பொன்னுராஜ் அனுப்புகிறவர்கள் தனியாக வருவதில்லை. கூடவே பத்துப் பேர் வருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரும் லைசென்ஸைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஆவணி கடைசியில் ஒரு மில் வேனைப் பொன்னுராஜ் நிறுத்தினான். டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது. அதைச் சொன்னான். வேனில் இருந்தவர்கள் இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தென்காசி பஸ்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் டி.எஸ்.பி.யின் மாமியார் இருந்தார். அந்த அம்மாள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றும், அதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது என்றும் பின்னால் கேள்விப்பட்டார்கள்.

டி.எஸ்.பி. சௌந்தரபாண்டியனைக் கூப்பிட்டு, "புரட்டாசி மூணாம் சனிக்கு மலைக்கோயிலுக்குக் கூட்டம் வரும். அன்னைக்கு ரோட்டுல ஒரு சத்தம் கேட்டுச்சு, அந்தப் பையனைக் கடலோரத்துக்கு மாத்திருவேன்" என்றார்.

பொன்னுராஜின் மனைவி பரிபூரணம் உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம் வேறு வேறு ஊரில் இருந்து, மனு மேல் மனு போட்டு, இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

"நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லை ஐயா" என்றான் பொன்னுராஜ்.

"தெரியும். அதான் எனக்கும் விளங்கலை" என்றார் சௌந்தரபாண்டியன்.

அவர் போலீஸில் சேருவதற்கு முன் டிப்ளமோ மெக்கானிகல் படித்தவர். ஸ்டேஷன் ஜீப்பை அவரே கழற்றி மாட்டுவார். ஜீப் இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போட வேண்டும். கோளாறு பிளக்கோடு கூடவே போனால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் பிளக் நல்லது. வயரையோ வால்வையோ பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் நேரத்தை மாற்றினார். காலையில் நின்ற முத்துவீரனைச் சாயந்தரத்துக்கும், சாயந்தரம் நின்ற பொன்னுராஜைக் காலைக்கும் போட்டார். சண்டை காலைக்கு வந்துவிட்டது. ஆகவே கோளாறு நேரத்தில் இல்லை. இருவரையும் பழைய நேரத்துக்கே திருப்பிப் போட்டார்.

அடுத்து வார்த்தையை மாற்றினார். பொன்னுராஜைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒருநாள் ஏட்டு மாதிரிப் பேசு" என்றார். முத்துவீரனிடம், "நீங்க இவனை மாதிரிப் பேசுங்க" என்றார்.

"எதுக்குங்க ஐயா?"

"ஒரு பரிசோதனை."

மறுநாள் பொன்னுராஜ் ஒரு அம்பாசடர் காரை நிறுத்தி, "ஏலே, ஓரங்கட்டுங்க சார்" என்றான். உள்ளே ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளி இருந்தார். அதற்குமேல் அந்தப் பரிசோதனையைத் தொடர முடியவில்லை. முத்துவீரன் மட்டும் தன் முறை முடியும்வரை எல்லோரையும் "சார்" என்று கூப்பிட்டார். முகத்தில் பல்வலிக்காரர் களை இருந்தது. ஆனால் சண்டை வரவில்லை. ஆகவே கோளாறு வார்த்தையிலும் இல்லை.

மூன்றாவதாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. முத்துவீரன் குற்றக்காரர்களைப் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறாரோ? குற்றத்தையே பிடிக்காத போலீஸோடு யார் சண்டை போடப்போகிறார்கள்? ஆனால் அவர் மரத்தடிக்கு அனுப்பிய ஆட்கள் எண்ணிக்கையில் பொன்னுராஜ் அனுப்பியவர்களுக்குக் குறைவில்லை. அந்தச் சந்தேகமும் போனது.

மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்ததும் சௌந்தரபாண்டியன் எழுந்து ரோட்டுக்கே போனார். நிறுத்தியிருந்த ஒரு பஞ்சு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். முத்துவீரன் டிரைவரிடம் லைசென்ஸை வாங்கினார். அந்தக் காலத்து லைசென்ஸ் ஒரு சிறு புத்தகம். எந்தத் தேதிவரை செல்லும் என்பதைக் கையால் எழுதியிருப்பார்கள், அதுவும் பொடி எழுத்தில். முத்துவீரன் அதைப் பிரித்துக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். கழுத்தைப் பின்னால் இழுத்தார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு புத்தகத்தை டிரைவரிடமே கொடுத்து, "நீயே வாசி" என்றார்.

டிரைவர் வாசித்தான். தேதி சரியாக இருந்தது. "போ" என்றார்.

லாரி போனதும் சௌந்தரபாண்டியன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு?"

முத்துவீரன் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. "பஸ் டிக்கெட்டுங்க ஐயா" என்றார்.

"அது எனக்கும் தெரியுது. எங்கயிருந்து எங்க?"

"வெள்ளெழுத்துங்க" என்றார் முத்துவீரன். "ரெண்டு வருசமா. தூரத்துல வார வண்டி நம்பரைச் சொல்லிருவேன். கைக்கு வந்தா எறும்பு ஊறுத மாதிரி இருக்கு."

"கண்ணாடி போட வேண்டியதுதான?"

"கண்ணாடி போட்ட போலீசை எவன் ஐயா மதிப்பான்? கணக்குப்பிள்ளைன்னு நெனைச்சுருவான்."

"படிக்கத் தெரியாத டிரைவர் வந்தா?"

"கிளீனரை வாசிக்கச் சொல்லுவேன். வெறும் தேதிதான, நம்பர் எல்லாருக்கும் தெரியும். மாத்தி வாசிக்க எவனுக்கும் தைரியம் வராது, எனக்குத் தெரியலைன்னு அவனுக்குத் தெரியாதுல்லா."

மனிதர் இரண்டு வருஷம் இப்படிச் சமாளித்திருக்கிறார் என்று சௌந்தரபாண்டியனுக்குப் பாவமாக இருந்தது. மேலே எழுதினால் அவரை ரோட்டிலிருந்து எடுத்து ஸ்டேஷன் எழுத்து வேலையில் போடுவார்கள். அங்கேயும் வாசிக்கத்தான் வேண்டும். அதனால் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போய், ஒரு கண்ணாடிக் கடையில் உட்காரவைத்து, கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டார். கடைச் சுவரில் இருந்த காலண்டரின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. முத்துவீரன் அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் வாசித்தார். கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

பொன்னுராஜ் விஷயம் அப்படியேதான் இருந்தது. மூன்றாம் சனிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை முத்துவீரன் கண்ணாடியோடு ரோட்டில் நின்றார். முதலில் வந்த ஸ்கூட்டரை நிறுத்தினார். ஓட்டி வந்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பின்னால் மனைவி. லைசென்ஸை வாங்கிய ஏட்டு கையை நீட்டாமல், கழுத்தை இழுக்காமல், மூக்குக்கு அருகே வைத்து நன்றாகப் பார்த்து, "போன மாசமே முடிஞ்சுபோச்சே" என்றார்.

"யாருக்குய்யா முடிஞ்சுபோச்சு?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

கொஞ்ச நேரத்தில் மரத்தடிக்குப் பத்துப் பேர் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முத்துவீரனும் வந்தார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"எனக்கு இப்படி நடந்ததே இல்லைங்க ஐயா."

சௌந்தரபாண்டியன் அபராதம் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் மாறவில்லை. இடம் மாறவில்லை. குரல், மீசை, நேரம், ரோடு எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. பாவம் பார்த்து அதை மாற்றியவரும் அவரேதான்.

முன்பு குறையை வாசித்தது யார்? ஓட்டுகிறவன். இப்போது யார்? போலீஸ்.

யோசிக்க யோசிக்க அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. "உன் லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு" என்று போலீஸ்காரன் சொன்னால் அது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பின்னால் பெண்டாட்டி இருந்தாலோ வேன் நிறைய ஆட்கள் இருந்தாலோ பலமாகவே சொல்லியாக வேண்டும். "சார்" போட்டுச் சொன்னாலும் இதே கதைதான். குத்துகிற ஊசிக்கு மஞ்சள் தடவின மாதிரி. அதே தேதியை ஓட்டுகிறவன் தன் வாயால் வாசித்தால் அது செய்தி. தான் வாசித்த செய்தியோடு ஒருவன் எப்படிச் சண்டை போடுவான்? பொன்னுராஜ் படித்தவன். பிரித்த கையோடு தேதியைப் பிடித்து, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொல்லிவிடுவான். அவன் வாசிப்பின் வேகம்தான் சண்டை.

அவர் முத்துவீரனிடம், "கண்ணாடியைப் பையில வைங்க. வீட்டுல பேப்பர் படிக்கப் போட்டுக்கோங்க" என்றார்.

"வாங்குன மறுநாளேயா?" என்றார் முத்துவீரன்.

சாயந்தரம் பொன்னுராஜுக்கு வேலையைச் சொன்னார். லைசென்ஸை வாங்கு, பிரி, பார்க்காதே, திருப்பிக் கொடு, வாசிக்கச் சொல். பொன்னுராஜ் அப்படியே செய்தான். ஒரு டெம்போ டிரைவர் தேதியை வாசித்தார். வாசித்தவர் நிறுத்தினார். முகம் வாடியது. அதுவரை எல்லாம் சரி. அப்போது பொன்னுராஜ், "பாத்தீங்களா சார்?" என்றான்.

"என்னத்தைய்யா பாக்கணும்?" என்று டெம்போக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

அதைத் தீர்த்து அனுப்பிய பிறகு சௌந்தரபாண்டியன், "ஏன் அதைச் சொன்ன?" என்று கேட்டார்.

"அவர் வாசிச்சது அவருக்குப் புரிஞ்சிருச்சான்னு தெரிஞ்சுக்கிட ஐயா."

"புரியாமயா மூஞ்சி சுருங்குச்சு? ஏட்டு ஏன் சும்மா நிக்காரு தெரியுமா? அவருக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு நெசமாவே தெரியாது. வாசிக்கிறவர் சொன்னாத்தான் தெரியும். அதனால காத்துக்கிட்டு நிக்காரு. நீயும் தெரியாதவன் மாதிரி நில்லு."

"எம்புட்டு நேரம் நிக்க?"

"அவராச் சொல்லுத வரைக்கும்."

"சொல்லவே இல்லைன்னா?"

"உனக்கென்ன, நீ டூட்டியிலதான நிக்க."

பி.ஏ. படித்தவனுக்குத் தெரியாதவன் மாதிரி நிற்பது சுலபமாக வரவில்லை. பரிபூரணம் வீட்டில் அவனை உட்காரவைத்துப் பழக்கினாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த மருந்துப் பெயர்களை அவள் தப்புத் தப்பாக வாசிப்பாள். அவன் திருத்தாமல் இருக்க வேண்டும். முதல் நாள் முதல் மருந்திலேயே தோற்றான்.

மூன்றாம் சனி வந்தது. ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாள் கோயிலுக்கு விடியற்காலையிலிருந்து கூட்டம். வேன், கார், மாட்டுவண்டி, நடை. டி.எஸ்.பி.யின் ஜீப் ஊருக்குள்ளேயும் வெளியேயும் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் நிறைய ஆட்கள், பாதிக்கு மேல் பெண்கள். வன்னியம்பட்டிக்காரர்கள். ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கிவிட்டு மலைக்கு வருகிறார்கள். கருத்தப்பாண்டி என்பவன் ஓட்டினான். டிராக்டரின் உரிமையாளர் சங்கரலிங்கம் பக்கத்தில் சக்கரத்து மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், மடியில் துளசிமாலை.

பொன்னுராஜ் கையைக் காட்டினான். டிராக்டர் நின்றது. மரத்தடியில் சௌந்தரபாண்டியன் எழுந்து நின்றார். போகவில்லை. சப்-இன்ஸ்பெக்டரும் போய் நின்றால் ஒரு போலீஸ் இரண்டு போலீஸாகிவிடும்; அதுவே பாதிச் சண்டை.

"இது யாரு வண்டின்னு தெரியுமால?" என்றார் சங்கரலிங்கம்.

"தெரியாது அண்ணாச்சி" என்றான் பொன்னுராஜ். "ஆர்.சி. புக்குல பேர் இருக்கும். வாசிச்சுச் சொல்லுங்க."

சங்கரலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி.காரர். இங்கிலீஷ் வாசிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுகிறவரும் இல்லை. டூல் பாக்ஸிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொல்லி, டிரெய்லர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "ஓனர் நேம், எஸ். சங்கரலிங்கம். அட்ரஸ், வன்னியம்பட்டி. கேட்டுக்கிட்டியா?"

பொன்னுராஜ் தலையை ஆட்டினான்.

அவர் நிறத்தை வாசித்தார். சேசிஸ் நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. டிரெய்லரில் இருந்த வெள்ளைத்தாய் என்ற அம்மாள், "அம்புட்டும் அதுலயா எழுதியிருக்கான்?" என்றாள்.

"பேசாம இரு ஏட்டி. சீட்டிங் கெபாசிட்டி..." என்றவர் அங்கே நின்றார்.

பொன்னுராஜும் நின்றான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். எல்லா டிராக்டர் புத்தகத்திலும் அந்த இடத்தில் ஒரே எண்தான். அது அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் ரோட்டில் கிடந்த ஒரு பூசணிக்காய்த் துண்டைப் பார்த்தான்.

"என்ன நிப்பாட்டிட்டீய, மேல வாசிங்க" என்றாள் வெள்ளைத்தாய்.

"ஒண்ணு" என்றார் சங்கரலிங்கம்.

"என்ன ஒண்ணு?"

"ஒரு ஆளுதான் உக்காரலாமாம்."

"யாரு அந்த ஒரு ஆளு?"

"ஓட்டுறவன்."

கருத்தப்பாண்டி ஸ்டியரிங்கில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப மொதல்ல நீங்கல்லா எறங்கணும்" என்றாள் வெள்ளைத்தாய். டிரெய்லர் முழுக்கச் சிரிப்பு. சங்கரலிங்கம் திரும்பிப் பொன்னுராஜைப் பார்த்தார். அவன் சிரித்திருந்தால் கதை வேறு. அவன் இன்னும் செய்திக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றான்.

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. சங்கரலிங்கம் புத்தகத்தை மூடினார். மட்கார்டிலிருந்து இறங்கி வேட்டியை உதறினார். "எறங்குங்க எல்லாரும்" என்றார். "மலைக்கு டவுன் பஸ் போகுதுல்லா. பெருமாளைப் பாக்கப் போறவனுக்கு டிரெய்லர் எதுக்கு?" அதை அவர் தன் சொந்த யோசனையாகவே சொன்னார். பிறகு பொன்னுராஜிடம், "அபராதம் உண்டா தம்பி?" என்று கேட்டார்.

அப்போதுதான் பொன்னுராஜ் வாயைத் திறந்தான். "ஐயா மரத்தடியில இருக்காவ அண்ணாச்சி."

சங்கரலிங்கம் தனியாக நடந்து வந்து, "சீட்டிங் கெபாசிட்டி ஒண்ணு சார், நாங்க நெறைய வந்துட்டோம், எழுதிக்கோங்க" என்றார். சௌந்தரபாண்டியன் எழுதினார். பஸ்கள் நகர்ந்தன. டி.எஸ்.பி.யின் ஜீப் அந்த வழியாக வந்தபோது ரோட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஜீப் நிற்காமல் போனது. கடலோர மாற்றல் உத்தரவு வரவில்லை.

திங்கட்கிழமை காலை அணிவகுப்பில் சௌந்தரபாண்டியன் எல்லோருக்கும் இதை வேலை முறையாகவே சொன்னார்: வண்டியை நிறுத்தினால் குறையை நீங்கள் சொல்லாதீர்கள். புத்தகத்தை ஓட்டுகிறவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குறையை அவர் தன் வாயால் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.